ஐந்தாவது இலக்கம்

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குத் தவமலருடைய வேலை ஓர் இலக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நான்கு இலக்கங்கள் போட்டாயிற்று. 202.0. நிணநீர்க்கணுக்களில் வருகிற புற்றுநோய்களில் ஃபொலிக்குலர் லிம்ஃபோமா என்ற வகைக்கு அந்தத் தடித்த புத்தகம் கொடுத்திருக்கிற எண் அது. ஐந்தாவது இலக்கம் உடம்பில் எந்த இடம் என்பதைச் சொல்ல வேண்டும். கழுத்தென்றால் 1. தொடையிடுக்கென்றால் 5. பல இடங்களிலும் இருந்தால் 8. பைலில் டொக்ரர்கள் எல்லோரும் கழுத்து, கழுத்து என்றுதான் எழுதியிருந்தார்கள். இது புற்றுநோய் என்று சொன்ன ஆய்வுகூட அறிக்கை மட்டும் வலது தொடையிடுக்கு என்றது.

அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பகுதி பேஸ்மென்றில் இருந்தது. ஒரு பக்கம் துணி வெளுக்கிற இடம், மறுபக்கம் பிணவறை. நடுவில் ஏழு பெண்களும் கூரைவரை அடுக்கிய பைல்களும். மேலே ஒரு நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய பைல் தள்ளுவண்டியில் கீழே வரும். கோழி கிளறிவிட்டது போன்ற டொக்ரர்களின் கையெழுத்தை வாசித்து, என்ன நோய் வருத்தம், என்ன செய்தார்கள் என்று பிடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும். அந்த வேலைக்குக் கோடிங் என்று பெயர். தவமலர் கிளிநொச்சியில் பத்து வருசம் உயிரியல் படிப்பித்தவள். கனடாவுக்கு வந்து, காலுறைத் தொழிற்சாலையில் நின்ற நிலையில் நாலு வருசம் போனபின், தபால் மூலம் இந்தப் படிப்பைப் படித்து, தொண்ணூற்றாறாம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தக் கதிரையில் வந்து இருந்தாள். முதல் ஆறு மாதமும் அவளைப் பார்த்துத்தான் வேலையை உறுதிப்படுத்துவார்கள். அது முடிய இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. இந்த மூன்று கிழமையும் வாயைப் பொத்திக்கொண்டிரு என்று அவளுடைய கணவன் பத்மநாதன் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தான். வாயைப் பொத்துவதில் அவள் எப்போதுமே அவ்வளவு கெட்டிக்காரி இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பைலில் இருந்த பெயர் இரத்தினவேல் தங்கத்துரை. வயது முப்பத்து மூன்று. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடி. மனைவி, இரண்டு வயதுப் பெண்பிள்ளை, பகலில் ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. ஓகஸ்ட் மாதம் கழுத்திலிருந்த ஒரு கட்டியை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு புற்றுநோய் டொக்ரரிடம் அனுப்பியிருந்தார்கள். போன கிழமை இடுப்பு எலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்த ஒரு நாள் வரவுக்குத்தான் அவள் இப்போது எண் போட வேண்டும். டொக்ரரின் குறிப்பு நீளமாக இருந்தது. இந்த வகை மெதுவாகப் போகிறது, பல பேருக்கு மருந்தே கொடுக்காமல் வருசக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆனால் இவர் இளவயதுக்காரர், உடம்பு மெலிகிறது, ஆகவே தாமதிக்காமல் ஆரம்பிப்போம். பைலின் மட்டையில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, நாலாம் மாடிக் கிளினிக், முதல் மருந்தேற்றல். பைல் வெள்ளி நாலு மணிக்குள் மேலே வர வேண்டும்.

அவள் பைலைத் தூக்கிக்கொண்டு றோசலினின் அறைக்குப் போனாள்.

றோசலின்தான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது. எழுபத்திரண்டிலேயே லண்டன் வழியாக வந்து சேர்ந்தவள். அகதி, ஏஜென்ற், கள்ளப் பாஸ்போட் என்ற சொற்கள் எங்கள் வீடுகளில் புழங்கத் தொடங்குவதற்கு முந்திய ஆள். எண்பத்தெட்டுக்குப் பிறகு தமிழ்ச்சனம் அலையலையாக வந்து அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றபோது, அவர்களுடைய பெயர்களைக் கண்டு மற்றவர்கள் எல்லோரும் கையைப் பிசைய, றோசலின்தான் கை கொடுத்தாள். எது முதற்பெயர், எது கடைசிப்பெயர், எது தலைகீழாக எழுதப்பட்டது, எந்த இரண்டு பைல் ஒரே ஆளுடையது என்று அவளைக் கேட்டுத்தான் செய்வார்கள். அதற்காகக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. தவமலரை நேர்முகத்தில் எடுத்தவளும் அவள்தான். மற்றவர்கள் முன்னால் இங்கிலீஷ், கதவு சாத்தியிருந்தால் தமிழ், அதுதான் அவளுடைய ஒழுங்கு. இன்று கதவு சாத்தியிருந்தது.

“என்ன மலர், இன்னும் முடியேல்லையே? நாலு மணிக்கு உது மேலை போகோணும்.”

“ஐஞ்சாவது இலக்கம் போடேலாமக் கிடக்கு அக்கா. கட்டி எடுத்தது கழுத்திலை. ரிப்போட் சொல்லுது தொடையிடுக்கு எண்டு.”

றோசலின் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். இரண்டு தாளைப் புரட்டினாள். “ரெண்டு இடத்திலையும் எடுத்திருப்பினம். எட்டைப் போடும். பல இடம். சரியாப் போச்சு.”

“மற்ற இடத்திலை வெட்டினதெண்டு ஒருத்தரும் எழுதேல்லை.”

“உவையள் எல்லாத்தையும் எழுதிறவையே? எட்டைப் போட்டிட்டு அடுத்ததை எடும்.”

எட்டு என்பது நல்ல இலக்கம். எல்லாவற்றையும் மூடும். தவமலர் தன் மேசைக்கு வந்து எட்டின் மேல் விரலை வைத்தாள். அழுத்தினால் திரை மாறும், அடுத்த பைல் வரும், மூன்று கிழமையில் வேலை நிரந்தரமாகும். விரல் அழுத்த மாட்டேன் என்றது. விடை சரியாக வந்துவிட்டதென்று வழி பிழைத்த கணக்குக்குப் புள்ளி போட்டுப் பழகாத கை அது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது, றோசலின் மேல் அல்ல, தன்மேல். இப்படித்தான் எங்கேயும் போய் மாட்டிக்கொள்கிறவள் தான் என்று நினைத்துக்கொண்டு, பைலை முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

ஜனவரி மாதம் ஒரு குடலிறக்க ஒப்பரேஷன். வலது பக்கம். அப்போது அந்த இடத்தில் வீங்கியிருந்த ஒரு நிணநீர்க்கணுவையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோய் அறிக்கை அதனுடையதுதான். நோயாளி வீட்டுக்குப் போய்ப் பதினாறு நாள் கழித்து வந்த அறிக்கை. ஒப்பரேஷன் செய்த டொக்ரர் அதே மாதம் வேறு மாகாணத்துக்கு மாறிப் போய்விட்டிருந்தார். அதை யாரும் பார்த்ததற்குக் கையொப்பம் இல்லை. பிறகு ஓகஸ்டில் கழுத்துக் கட்டி. அதன் அறிக்கை வரத் தாமதமாக, ஒரு இளம் டொக்ரர் ஆய்வுகூடத்துக்குப் போன் பண்ணிப் பைல் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ‘போனில் கிடைத்த முடிவு: ஃபொலிக்குலர் லிம்ஃபோமா’ என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த இலக்கத்தில் ஏற்கெனவே கிடந்த ஜனவரி அறிக்கையைத்தான் ஆய்வுகூடத்தில் வாசித்திருக்க வேண்டும். கழுத்துக் கட்டியின் உண்மையான அறிக்கை நாலு நாள் கழித்து வந்திருந்தது. அதிலும் ஃபொலிக்குலர் என்ற சொல் இருந்தது. ஃபொலிக்குலர் ஹைப்பர்பிளேசியா. ஏதோ கிருமித் தொற்றுக்குக் கணு வீங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லை என்று அதற்கு அர்த்தம். முதற் சொல்லைக் கண்டவர்கள் இரண்டாவதைப் பார்க்காமல் உள்ளே செருகிவிட்டார்கள் போலும்.

அப்படிப் பார்த்தாலும் ஆள் ஒன்றுதானே. கழுத்தில் ஒன்றும் இல்லை, தொடையிடுக்கில் இருக்கிறது. அப்படியானால் ஐந்து. அவள் ஐந்தைப் போடப் போனாள். ஆனால் போன கிழமை டொக்ரர் உடம்பு முழுவதையும் பார்த்து எழுதிய குறிப்பில் ‘முந்திய ஒப்பரேஷன் தழும்பு எதுவும் இல்லை, கழுத்தில் மட்டும்’ என்று இருந்தது. ஜனவரியில் வயிற்றின் அடியில் கத்தி வைத்த ஆளுக்கு செப்ரெம்பரில் தழும்பு எங்கே போனது? தவமலருக்கு உள்ளங்கை வேர்த்தது. சேலைத் தலைப்பைத் தேடிய கை காற்சட்டையில் துடைத்துக்கொண்டது.

அவள் சம்மதப் படிவங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒப்பரேஷனுக்கு முன் நோயாளி கையெழுத்து வைக்கிற தாள்கள். இரண்டிலும் கையெழுத்து தமிழில் இருந்தது. ஓகஸ்டுத் தாளில், பேனையை அழுத்திச் சரித்து எழுதிய எழுத்து: த. இரத்தினவேல். ஜனவரித் தாளில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நிறுத்தி, துணைக்கால்களை நீட்டி எழுதிய பழைய காலத்து எழுத்து: இ. தங்கத்துரை.

ஒருவன் தன் பெயரை மாற்றி மாற்றிப் படிவம் நிரப்பலாம். ஆனால் கையெழுத்தில் தன்னையே தன் தகப்பனாக ஆக்கிக்கொள்ள மாட்டான்.

அவள் ஜனவரித் தாளின் மூலையில் ஒட்டியிருந்த பெயர்த்துண்டைப் பார்த்தாள். அது சற்றுத் தடிப்பாக இருந்தது. நகத்தால் கிளப்பினாள். கீழே இன்னொரு துண்டு இருந்தது. வேறு பைல் இலக்கம். முதற்பெயர் தங்கத்துரை, கடைசிப்பெயர் இரத்தினவேல், பிறந்த ஆண்டு 1936.

எங்கள் ஊரில் தாத்தாவையும் பேரன் என்போம், பேரனையும் பேரன் என்போம். மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்போம். இரத்தினவேல் என்று ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய மகன் தங்கத்துரை. தங்கத்துரை தன் மகனுக்குத் தகப்பனுடைய பெயரை ஆசையோடு வைத்திருக்கிறார். இதில் என்ன பிழை? ஆனால் கனடாவின் படிவங்களில் கடைசிப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்படியொரு சாமான் எங்களிடம் இல்லாதபடியால் தகப்பன் பெயரைத் தூக்கி அதற்குள் போடுகிறோம். அப்பா தங்கத்துரை இரத்தினவேல் ஆனார். மகன் இரத்தினவேல் தங்கத்துரை ஆனான். ஒரே வீடு, ஒரே ரெலிபோன் இலக்கம். அப்பா பிறந்தது முப்பத்தாறு, மகன் பிறந்தது அறுபத்து மூன்று.

பைலின் கடைசியில் ஒரு பச்சைத் தாள் குத்தியிருந்தது. மார்ச் மாதத் திகதி. ‘இரண்டு இலக்கம், ஒரே நோயாளி. தமிழ்ப்பெயர் தலைகீழாகப் பதியப்பட்டுள்ளது. பிறந்த ஆண்டின் இலக்கங்களும் மாறியுள்ளன. திகதி பொருந்தாதது அகதி ஆவணங்களில் வழக்கமானது. விலாசமும் ரெலிபோனும் ஒன்று. சேர்க்கவும்.’ கீழே றோசலினின் வடிவான கையெழுத்து. வெள்ளைக்காரி யாராவது பார்த்திருந்தால் இரண்டு பெயர், இரண்டு ஆள் என்று பேசாமல் விட்டிருப்பாள். எங்களைத் தெரிந்தவள் பார்த்தபடியால் இரண்டு பேரும் ஒரு ஆளாகிவிட்டார்கள்.

தவமலர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்றேகால். அந்த வீட்டில் வருத்தம் இல்லாத ஒருவனுக்குத் திங்கட்கிழமை காலை நரம்பில் விஷ மருந்து ஏறப் போகிறது. வருத்தம் உள்ளவர் எட்டு மாதமாகத் தனக்கு ஒன்றுமில்லை என்று நடமாடுகிறார். அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். பிறகு, சொன்னால் வெட்கமாக இருக்கும், ஒரு சந்தோசம் வந்தது, விடை கிடைத்த சந்தோசம். அது வந்ததற்காக அவள் தன்னை வைதுகொண்டாள். மேசை லாச்சியிலிருந்து ஒரு கேள்விச் சீட்டை எடுத்தாள். கோடிங் செய்பவர் டொக்ரரிடம் சந்தேகம் கேட்கிற தாள் அது. இங்கிலீஷில் ஐந்து வரி எழுதி, தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். எழுதி முடிந்தபோதுதான் அதைக் கொடுக்க வேண்டிய ஆள் யார் என்பது உறைத்தது. அவள் மட்டத்து ஆட்கள் கிளினிக்குக்கு நேரே எதுவும் அனுப்பக் கூடாது. எல்லாம் றோசலினின் ஒப்பத்தோடுதான் மேலே போகும்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, பைலையும் சீட்டையும் கையில் வைத்தபடி, இரண்டு சம்மதப் படிவங்களையும் றோசலினின் முன்னால் வைத்தாள்.

“என்ன இது?”

“கையெழுத்தை வாசிச்சுப் பாருங்கோ அக்கா.”

றோசலின் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய பார்வை எழுத்துகளின் மேல் நகரவில்லை, ஒரு படத்தைப் பார்ப்பது போல ஒரே இடத்தில் நின்றது.

“நீர் வாசியும்,” என்றாள்.

“நீங்களே வாசியுங்கோ. அப்பத்தான் விளங்கும்.”

“மலர்.” அவளுடைய குரல் தாழ்ந்தது. “எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.”

பக்கத்து வெளுக்கிற பகுதியின் இயந்திரம் சுற்றுகிற சத்தம் சுவரால் வந்துகொண்டிருந்தது. “கொழும்பிலை, கொட்டாஞ்சேனைக் கொன்வென்ற். இங்கிலீஷ் மீடியம். வீட்டிலை கதைச்சதுதான் என்ரை தமிழ். என்ரை பேரை எழுதுவன், அவ்வளவுதான். இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.” அவள் சுவரில் இருந்த பத்திரத்தைப் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்படுவது தெரிந்தது.

தவமலர் வாசித்தாள். முதலில் ஓகஸ்டு, பிறகு ஜனவரி. பெயர்த்துண்டுக்கு அடியில் இருந்த துண்டைக் காட்டினாள். தகப்பனும் மகனும் என்றாள். பச்சைத் தாளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. றோசலின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் வேறு யாரோ போல, மிகவும் களைத்தவளாக இருந்தாள்.

“உது ஒண்டில்லை மலர். எட்டு வருசத்திலை எத்தினை பைலை நான் சேர்த்திருப்பன் எண்டு உமக்குத் தெரியுமே?”

தவமலர் அதை நினைத்திருக்கவில்லை. வெளியே கூரைவரை நிற்கிற அந்த அடுக்குகளில் எங்கெங்கே எந்தெந்த இரண்டு பேர் ஒருவராகிக் கிடக்கிறார்களோ.

“அதைப் பிறகு பாப்பம் அக்கா. இது திங்கக்கிழமை.”

“எனக்குத் தெரியும் திங்கக்கிழமை எண்டு.” சட்டென்று அவள் குரலில் பழைய அதிகாரம் வந்தது. “சீட்டை வைச்சிட்டுப் போம்.”

“நான் மேலை போன் பண்ணட்டே?”

“உம்மடை ஆறு மாசம் இன்னும் முடியேல்லை. வைச்சிட்டுப் போம். எனக்கு வாசிக்கத் தெரியாதது தமிழ் மட்டும்தான் மலர்.”

அந்தக் கடைசி வசனத்தைக் கோபம் என்று எடுப்பதா, வாக்கு என்று எடுப்பதா என்று தெரியாமல் தவமலர் வெளியே வந்தாள். நாலு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. றோசலினின் அறைக்கு முன்னால் நின்றது. கதவு அரைவாசி திறந்தது, ஒரு கை நீண்டது, ஏதோ வண்டிக்குள் விழுந்தது. அது அந்தப் பைலா, அதற்குள் சீட்டு இருக்கிறதா, அவளால் பார்க்க முடியவில்லை. வண்டி எலிவேற்றருக்குள் போய் மறைந்தது. நாலரைக்கு அவள் துணிந்து தன் மேசையிலிருந்து கிளினிக்குக்குப் போன் பண்ணினாள். கிளினிக் பூட்டியாயிற்று, திங்கள் எட்டரைக்கு அழையுங்கள் என்று ஒரு பதிவு செய்த குரல் இனிமையாகச் சொன்னது.

“முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?” என்று பத்மநாதன் அன்று பின்னேரம் சாப்பிடும்போது கேட்டான்.

“ஒரு நம்பர் பொருந்தேல்லை.”

“நம்பர்தானே. திங்கக்கிழமை போட்டாப் போச்சு.” அவன் இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி விசயம் எதையும் வெளியே, கணவனிடம் கூட, சொல்வதில்லை என்று முதல் நாளே அவளிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அந்தத் தாளில் கையெழுத்து வைத்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அவள் கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்மநாதன் விட்பியில் இருந்த களஞ்சிய வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். தவமலர் அரிசி களைந்தாள், உடுப்பு மடித்தாள், மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். எண்களோடு பழகுகிறவளுக்கு ஒரு ரெலிபோன் இலக்கத்தை மறப்பது லேசில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம், இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நிச்சயம் பண்ணினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் தெரிந்தது. பத்தரைக்கு ரிசீவரை எடுத்தாள்.

“ஹலோ, ஆர்?” வயதான குரல். சற்றுக் கரகரப்பு, ஆனால் உற்சாகம்.

“இரத்தினவேல்… நிக்கிறாரோ?”

“மகன் படுத்திருக்கிறான் பிள்ளை. நீங்கள் ஆர் கதைக்கிறது?”

எங்கோ பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“நம்பர் மாறிப் போச்சு,” என்றாள்.

“மகன்ரை பேரைச் சொல்லிக் கேட்டிட்டு நம்பர் மாறிப் போச்செண்டுறியள்!” கிழவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குரல் தாழ்ந்து ரிசீவருக்குக் கிட்ட வந்தது. “ஆஸ்பத்திரியாலையோ பிள்ளை? ஏதும் நல்ல செய்தியோ?”

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். நல்ல செய்திதான் ஐயா, உங்கள் மகனுக்கு. அதைச் சொல்லுகிற அதே வாயால் மற்றதையும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு முழுவதும் அவள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள், தான் பார்த்தேயிராத பதினான்காம் மாடி வீட்டுக்குள். றோசலின் சீட்டைக் கிழித்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, கிளினிக் வாசலில் போய் நின்று கத்துவது என்ற முடிவுக்கு வந்தாள். வேலை போனால் போகட்டும். காலுறைத் தொழிற்சாலை எங்கேயும் ஓடிப்போகவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கே பேஸ்மென்றுக்கு வந்துவிட்டாள். றோசலினின் அறை பூட்டியிருந்தது. இருபத்துநாலு வருசத்தில் ஒரு நாளும் ஏழேகாலுக்குப் பிந்தாதவள் என்று மற்றப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கதவின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தாள். மேசை துடைத்தது போல் வெறுமையாக இருந்தது. சுவரில் பத்திரம் தொங்கிய இடத்தில் ஒரு ஆணி இருந்தது. எட்டரைக்குக் கிளினிக்குக்குப் போன் பண்ணினாள். இணைப்பு வேலையாக இருந்தது. எட்டு நாற்பதுக்கும் அப்படியே. எட்டு நாற்பத்தைந்துக்குக் கதிரையின் முதுகில் மேற்சட்டையைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எலிவேற்றரில் ஏறி நாலை அமத்தினாள். ஐந்து மாதத்தில் அவள் மேலே போவது அதுதான் முதல் தடவை. பேஸ்மென்றில் இருப்பவர்களுக்கு நோயாளிகள் தாளாகத்தான் வருவார்கள்.

காத்திருக்கும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யன்னலால் செப்ரெம்பர் வெயில் கம்பளத்தில் விழுந்திருந்தது. அவள் எந்த முகத்தைத் தேடுவது என்று தெரியாமல் நின்றபோது, அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

“தண்ணி நல்லாக் குடிக்கச் சொன்னவையெல்லே. குடிச்சனியோ?”

“குடிச்சனான் அப்பா.”

மூலைக் கதிரைகளில் இருவர். மகன் மெலிந்த உயரமானவன், கழுத்தின் பக்கத்தில் இன்னும் சிவந்திருந்த ஒரு கோடு. புது உடுப்புப் போட்டிருந்தான், யாருடையதோ கலியாணத்துக்குப் போவது போல. தகப்பன் கட்டையானவர், தலைக்குக் கம்பளித் தொப்பி, மடியில் ஒரு சூடாறாத் தண்ணிப் போத்தல். நன்றாக இருந்தார். முகத்தில் ஒரு நோவும் இல்லை. பார்க்கிற யாரும் இவர்கள் இருவரில் நோயாளி யார் என்று தயங்கவே மாட்டார்கள்.

“அறுபது வயசு எனக்கு,” என்று கிழவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார். “கண்டதையும் கண்டாச்சு. உது எனக்கெல்லோ வந்திருக்கோணும்.”

“சும்மா இருங்கோ அப்பா. விசர்க்கதை கதையாதேங்கோ.”

தவமலர் ஒரு அடி எடுத்து வைத்தாள். கிட்டப் போய் என்ன சொல்வதென்று இன்னும் ஒரு சொல்லும் தயாராக இல்லை.

அப்போது டொக்ரரின் அறைக் கதவு திறந்தது. றோசலின் வெளியே வந்தாள். தேவாலயத்துக்குப் போடுகிற நீலச் சட்டை போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. கையில் இரண்டு பைல்கள் இருந்தன. ஒன்று பழையது, இப்போது மெலிந்திருந்தது. மற்றது புதியது, மட்டை இன்னும் வளையவில்லை. அதன் முன்பக்கத்தில் இங்கிலீஷில் அச்சடித்த பெயருக்குக் கீழே, பேனையால், முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தைப் போலப் பெரிதும் சிறிதுமாக, தமிழில் எதையோ பார்த்து எழுதியிருந்தது. தவமலர் நின்ற இடத்திலிருந்து இ என்ற எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் தெரிந்தன, ஜனவரித் தாளில் தகப்பனின் கையெழுத்துத் தொடங்கியதைப் போல. றோசலின் அவளைக் கண்டாள். சிரிக்கவில்லை. பைல்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

நர்ஸ் மேலே இருந்த பழைய பைலைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

“மிஸ்டர் தங்கத்துரை?”

இரண்டு பேரும் எழும்பினார்கள்.

“அது நான் அப்பா,” என்று மகன் தகப்பனின் தோளில் கையை வைத்து அமர்த்தினான். “இஞ்சை என்னைத்தான் அப்பிடிக் கூப்பிடுறவை. நீங்கள் இருங்கோ.”

“ஓமோம், நான் மறந்து போனன்.” கிழவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு திரும்ப இருந்தார். மகன் கழற்றிக் கொடுத்த ஜக்கற்றை வாங்கி மடியில் வைத்து, அதன் கையிரண்டையும் ஒழுங்காக மடித்து, மேலே தண்ணிப் போத்தலை வைத்தார். மகன் கதவடிக்குப் போய்விட்டான். நர்ஸ் அவனுக்கு வழி விட்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்தபடி, மற்றக் கையில் புதுப் பைலோடு, மூலைக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.